நமது ரொட்டியும் நமது பிள்ளைகளும்

(தோட்டத் தாய்மார் கூட்டமொன்றில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலையால் இறங்கி, கொழுந்து நிறுத்து, கூடையைக் கூட வீட்டில் வைக்காமல் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்கப் போவதில்லை. இன்றைக்கு எங்களைப் பேசச் சொன்ன விஷயம் போசாக்கு. போசாக்கு என்றாலே முட்டை, பால், பழம் என்று ஆரம்பிப்பது வழக்கம். நாங்கள் ரொட்டியிலிருந்து ஆரம்பிக்கிறோம். நாளைக்கு விடியக் காலை நாலரை மணிக்கு உங்கள் அடுப்பில் வேகப் போவது அதுதானே.

வெளியிலிருந்து வந்து பேசுகிற சிலர் ரொட்டியைப் பற்றிச் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "எந்நேரமும் ரொட்டிதானா? அதனாலதான் இந்தப் பிள்ளைகள் வளர மாட்டேங்குது" என்பார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற தாய் என்ன செய்கிறாள்? ரொட்டி சுடுவதை விடுகிறாளா? இல்லை. அடுத்த மாதம் கிளினிக்கில் மருத்துவிச்சி அம்மா "பிள்ளைக்கு காலையில என்ன குடுத்தீங்க?" என்று கேட்டால், "சோறும் பருப்பும் கீரையும் குடுத்தேன் மிஸ்" என்கிறாள். ரொட்டி என்று சொல்ல வெட்கம். பிள்ளை சாப்பிட்டது ஒன்று, எழுதப்படுவது வேறொன்று. அதை வைத்துக்கொண்டு அந்த அம்மா என்ன ஆலோசனை சொல்ல முடியும்? ஆகையால் முதலில் இந்த வெட்கத்தைப் பற்றிப் பேசித் தீர்க்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

ரொட்டி நம்முடைய ஆதி உணவு கிடையாது. கோப்பிக் காலத்திலும் அதற்குப் பிறகு தேயிலைக் காலத்திலும் மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கங்களிலிருந்து நம்முடைய பூட்டன் பூட்டிமார் வந்தார்கள். 2023ஆம் ஆண்டில் 200 வருடத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் ஆட்கள் நடந்தார்களே, அந்தப் பாதைதான். அங்கே ஊரில் அவர்கள் குடித்தது கேழ்வரகுக் கூழ், கம்பங்கூழ். தின்றது களி. நெல்லுச் சோறு ஏழைகளுக்கு நல்ல நாள் பெரிய நாளில்தான். இங்கே வந்த பிறகு தோட்டத்தில் அரிசி கொடுத்தார்கள். அதைச் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்த அரிசியில் பெரும் பகுதி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்தது. தேயிலை மலையில் நெல் விளையுமா? தேங்காய்தான் காய்க்குமா? நாம் தின்பது எல்லாமே கீழேயிருந்து ஏறி வர வேண்டியதாகத்தான் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான். அரிசிக் கப்பல் நின்று போனது. நாடு முழுவதும் பங்கீடு வந்தது. அரிசி குறைந்த இடத்தைக் கோதுமை மா பிடித்தது. யுத்தம் முடிந்த பிறகும் மா நம்மை விட்டுப் போகவில்லை. வெளிநாடுகளிலிருந்து மலிவாக வந்தது, மூட்டை மூட்டையாகத் தோட்டத்துக்கு ஏற்ற இலகுவாக இருந்தது, கடனுக்குக் கொடுத்துச் சம்பளத்தில் வெட்ட வசதியாகவும் இருந்தது. இலங்கையில் கோதுமை பயிர் செய்வதில்லை என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். நம் லயத்து அடுப்பில் வேகும் ரொட்டியின் மா வேறு நாட்டு வயலில் விளைந்து, கடல் கடந்து வந்தது.

சரி, மா வந்தது அப்படி. அது ரொட்டியாக நிலைத்ததற்குக் காரணம் நம்முடைய பெண்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். படித்தவர்கள் கூட இதை யோசித்துப் பார்ப்பதில்லை.

காலையில் எத்தனை மணிக்குப் பெரட்டு? அதற்கு முன்னால் பீலிக்குப் போய்த் தண்ணீர் எடுக்க வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். பிள்ளையை எழுப்பிக் கழுவி, பிள்ளைக் காம்பராவில் விட வேண்டும். ஸ்கூல் போகிறதுக்கு உடுப்பு எடுத்து வைக்க வேண்டும். படங்கைக் கட்டிக்கொண்டு ஏற வேண்டும். இந்த நேரத்துக்குள் சோறும் கறியும் ஆக்கிப் பாருங்கள். அரிசி கழுவ ஒரு பானைத் தண்ணீர், வேக அரைமணி, கறிக்கு அரைமணி, இரண்டு அடுப்பு, ஒரு கட்டு விறகு. மழைக் காலத்தில் கவ்வாத்து மிலாறு ஈரமாக இருந்தால் புகைதான் வரும், நெருப்பு வராது. ரொட்டிக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. ஒரு கோப்பைத் தண்ணீர், கொஞ்சம் நெருப்பு, ஒரு கல். குழைத்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றுவதற்குள் மா பதமாகிவிடும். ஒரு பக்கம் வேகும்போதே அடுத்ததைத் தட்டலாம். ஒரு கிலோ மாவில் பத்துப் பன்னிரண்டு ரொட்டி வரும், வீட்டுக்கு வீடு கனம் வித்தியாசம்.

மலைக்குக் கொண்டுபோன பிறகு அதன் அருமை இன்னும் தெரியும். சோற்றுப் பார்சல் மலைக் குளிரில் விறைத்துப் போகும், மழைத் தண்ணீர் பட்டால் முடிந்தது. ரொட்டியைத் துணியில் சுற்றி மடியில் வைத்தால் பத்து மணிக்கும் மெதுவாக இருக்கும். கை கழுவத் தண்ணீர் இல்லாத இடத்தில், கொழுந்துப் பால் ஒட்டிய விரலோடு, சுற்றிய துணியாலேயே பிடித்து நின்றபடி தின்னலாம். உட்கார இடம் தேவையில்லை. அட்டைக்குப் பயந்துகொண்டு யார் உட்காருகிறது? பசி வயிற்றில் கனமாக நின்று, மத்தியானம் நிறுவை வரைக்கும் தாங்கும். நேரமில்லை, விறகில்லை, தண்ணீர் தூரம், சம்பளம் குறைவு என்ற நிலையில் ஒரு பெண் கண்டுபிடித்த வழி இது. சோம்பேறித்தனத்தால் ரொட்டி சுடுகிறார்கள் என்று யாராவது சொன்னால், அவரை ஒருநாள் விடியக்காலை நாலரை மணிக்கு லயத்துக்கு வரச் சொல்லுங்கள்.

பஞ்ச காலத்தைப் பற்றி இங்கிருக்கும் வயதானவர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளில் அரிசிப் பங்கீடு குறைந்தது. மாவுக்கும் பாணுக்கும் கூடத் தட்டுப்பாடு. காணி வைத்திருந்தவர்கள் எதையோ நட்டுச் சமாளித்தார்கள். நமக்குக் காணி ஏது? மரவள்ளிக் கிழங்கும் காட்டுக் கீரையும் அவித்துத் தின்றார்கள். தோட்டங்களை விட்டு டவுனில் பிச்சைக்குப் போனவர்கள் இருந்தார்கள். 1974இல் தோட்டங்களில் இறப்பு வீதம் சடுதியாகக் கூடியது என்பது பதிவில் இருக்கிறது. அந்தக் காலத்தைக் கண்ட பாட்டிமார் இன்றைக்கும் ரொட்டி தட்டும்போது கவனித்துப் பாருங்கள். பேசினில் ஒட்டியிருக்கும் மாவை விரலால் வழித்து, கடைசியில் ஒரு சின்ன ரொட்டி தட்டுவார்கள். அது கையகலம் கூட இருக்காது. அதைப் பேரப்பிள்ளைக்குக் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்கு அந்தச் சின்ன ரொட்டிதான் உசிரு. அது எங்கிருந்து வந்த பழக்கம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியப்படுத்துவது நல்லது.

1964 ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போனவர்களும் ரொட்டியை விடவில்லை. 5,25,000 பேரை இந்தியா எடுக்கும் என்று அன்று எழுதினார்கள். நம் பெரியப்பா, சின்னம்மா என்று எத்தனை பேர் ரயிலேறித் தலைமன்னார் போய், இராமானுஜம் கப்பலில் ஏறிப் போனார்கள். வழிக்கு என்ன கட்டிக்கொடுத்தோம்? ரொட்டியும் கட்டச் சம்பலும்தான். இரண்டு மூன்று நாள் பிரயாணத்துக்குக் கெடாமல் இருப்பது அது ஒன்றுதானே. நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களின் வீட்டில் இன்றும் தேங்காய் ரொட்டியும் சம்பலும் உண்டு. ஊரில் சப்பாத்தியும் தோசையும் இருக்கும்போது இவர்கள் ஏன் இதைச் சுடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டார் நினைக்கலாம். அங்கே அது சிலோன் சாப்பாடு. இங்கே அது தோட்டத்துச் சாப்பாடு. எங்கே போனாலும் ரொட்டிக்கு நம் பெயர் ஒட்டிக்கொண்டு வருகிறது.

இங்கேயும் பாருங்கள். கொழும்பில் கடையில் நிற்கிற பையன்கள், கார்மெண்டில் வேலை செய்கிற பிள்ளைகள் தீபாவளிக்கு வந்து இறங்குகிறார்கள். அங்கே ப்ரைட் ரைஸ், கொத்து என்று தின்றவர்கள்தான். அடுத்த நாள் காலையில் "அம்மா, ரொட்டி சுடும்மா, கல்லில இருந்து அப்படியே குடும்மா" என்கிறார்கள். லயத்தில் ஒரு துக்கம் நடந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்துக் காம்பராவிலிருந்து ரொட்டியும் சாயத்தண்ணியும் வரும். மாசக் கடைசியில் "அக்கா, ஒரு சுண்டு மா குடுங்க, சம்பளத்தன்னிக்கு தாரேன்" என்று கேட்காத வீடும் இல்லை, கொடுக்காத வீடும் இல்லை. சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிற வீட்டுக்குக் கூட பிள்ளை கையில் மா போகும். இதையெல்லாம் எந்தப் போசாக்கு அட்டவணையிலும் எழுத முடியாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ரொட்டியும் வெறும் தேத்தண்ணியும் போதும் என்று சொன்னால் அது உங்களை ஏமாற்றுகிற பேச்சு. கணக்கையும் கேளுங்கள். 2016இல் நாடு முழுவதும் எடுத்த சனத்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் நூற்றுக்கு 17.3. தோட்டங்களில் மட்டும் 31.7. நம்முடைய மூன்று பிள்ளைகளில் ஏறக்குறைய ஒரு பிள்ளை. உயரம் குறைந்தால் என்ன, எங்கள் பரம்பரையே கட்டைதானே என்று சிலர் சொல்கிறார்கள். பரம்பரை என்று தள்ளிவிடக் கூடிய விஷயமில்லை இது. கர்ப்பத்திலும் முதல் இரண்டு வயதிலும் சத்துக் கிடைக்காத பிள்ளை உயரத்தில் மட்டும் பின்தங்குவதில்லை, படிப்பிலும் பின்தங்கும். அந்த இரண்டு வயதுக்குள் விட்டதைப் பிறகு பிடிப்பது மகா கஷ்டம்.

வெள்ளை மாவில் வயிறு நிறையும், உழைக்கத் தெம்பு வரும். இரத்தத்துக்கு வேண்டிய இரும்புச் சத்தும் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் அதில் மிகக் குறைவு. போதாக்குறைக்கு ரொட்டியோடு தேத்தண்ணி. தேயிலையில் உள்ள சாயம் சாப்பாட்டிலிருக்கும் இரும்புச் சத்தை உடம்பு எடுக்கவிடாமல் தடுக்கும். நாம் பறிக்கிற கொழுந்துதான், ஆனாலும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி குடியுங்கள். மலையில் அது முடியாது என்று தெரியும். அப்படியென்றால் இராச்சாப்பாட்டிலாவது கடைப்பிடியுங்கள். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் தருகிற இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கவே கூடாது, வெறும் தண்ணீரோடு போடுங்கள். கைக்குழந்தைக்கு ரொட்டியைச் சாயத்தண்ணியில் தோய்த்து ஊட்டுகிற பழக்கம் நிறைய வீட்டில் இருக்கிறது. பாட்டிமார் அன்பாகத்தான் ஊட்டுகிறார்கள். அந்த ரொட்டியையே பருப்புத் தண்ணியில் தோய்த்து ஊட்டினால் அன்பும் குறையாது, பிள்ளைக்கும் நல்லது.

ரொட்டியை விடச் சொல்லி நாங்கள் வரவில்லை. அதற்குள்ளே என்ன சேர்க்கலாம், பக்கத்தில் என்ன வைக்கலாம் என்று பார்ப்போம். காசு குறைவாகச் செலவாகிறதைத்தான் சொல்லப் போகிறோம்.

முதலாவது, குரக்கன். குரக்கன் என்பது என்ன? நம் பூட்டிமார் ஊரில் களி கிண்டித் தின்ற அதே கேழ்வரகுதான். இங்கே சிங்களப் பெயரில் கூப்பிடுகிறோம், அவ்வளவே. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து வெள்ளை மாவைவிடப் பல மடங்கு. முழுக்க குரக்கனில் ரொட்டி தட்டினால் உடையும், பிள்ளைகளும் கறுப்பு ரொட்டி என்று முகம் சுளிப்பார்கள். இரண்டு பங்கு கோதுமை மாவுக்கு ஒரு பங்கு குரக்கன் மா போட்டுச் சுடு தண்ணீர் ஊற்றிக் குழையுங்கள். தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் ஒரு பச்சை மிளகாயும் அரிந்து போட்டால் நிறம் யாருக்கும் ஞாபகம் வராது.

இரண்டாவது, இலை. லீக்ஸ் தோகை, கரட் தழை, முள்ளங்கிக் கீரை இதெல்லாம் மரக்கறித் தோட்டத்தில் வெட்டி எறிகிறார்கள். வல்லாரை வாய்க்கால் ஓரத்தில் கிடக்கிறது. பொன்னாங்காணி நட்டால் லயத்துப் பின்பக்கம் ஒரு பாத்தியில் வரும். ஒரு பிடி பொடியாக அரிந்து மாவோடு பிசையுங்கள். ஒரு எச்சரிக்கை: மருந்தடித்த பாத்திக் கீரையைப் பறிக்க வேண்டாம். தேயிலைக்குப் புல் மருந்து அடித்த வான் ஓரத்தில் முளைத்ததையும் தொட வேண்டாம்.

மூன்றாவது, பருப்பு, நெத்தலிக் கருவாடு, முட்டை. தினமும் என்று சொல்லவில்லை. கட்டச் சம்பலில் ஒரு பிடி நெத்தலியை வறுத்து இடித்துப் போடலாம். மாடு வளர்க்கிற வீட்டார் இங்கே நாலைந்து பேர் இருக்கிறீர்கள். காலைப் பால் முழுவதும் சேகரிக்கும் நிலையத்துக்குப் போகிறது, வீட்டுப் பிள்ளைக்கு வெறும் சாயத்தண்ணி. கடன் இருக்கிறது என்று தெரியும். ஆனாலும் ஒரு கிளாஸ் நிறுத்தி வைக்க முடியாதா?

விலைவாசியையும் சொல்லாமல் விட முடியாது. 2022 தொடக்கத்தில் தோட்டக் குடும்பங்களுக்கு மாதம் 15 கிலோ கோதுமை மா, கிலோ 80 ரூபாய்ப்படி கொடுப்பதாக அரசாங்கம் அறிவித்தது. அதே வருடத்திலேயே கடையில் மா 300 ரூபாயைத் தாண்டியது. அப்போது எத்தனை வீட்டில் காலை ரொட்டி நாலு இரண்டானது, இரண்டு ஒன்றானது என்று நமக்குத் தெரியும். ஒன்றானபோது அந்த ஒன்றையும் யார் தின்னாமல் விட்டார்கள் என்பதும் தெரியும். 2024 முடிவில் தேங்காய் ஒன்று 150 ரூபாய்க்கு மேலே போனது. தேங்காய்ப்பூ குறைந்து வெறும் ரொட்டியானது. ஒரே ஒரு பண்டத்தின் மேலே குடும்பத்தின் முழுப் பசியையும் ஏற்றி வைத்தால், அது விலையேறும் நாளில் எல்லோரும் விழுவோம். லயத்துக்குப் பின்னால் இரண்டு பாத்தி மரவள்ளியோ வற்றாளையோ போடுங்கள் என்று நாங்கள் வருகிற போதெல்லாம் சொல்வது இதனால்தான். மண் துண்டு கொடுப்பது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதிய கடிதத்தில் உங்கள் கையெழுத்தும் வேண்டும். கூட்டம் முடிந்ததும் வைத்துவிட்டுப் போங்கள்.

இன்னும் ஒரு விஷயம். டவுன் ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைகளைப் பற்றி. ஆறாம் வகுப்புக்கு இங்கேயிருந்து போகிற பிள்ளை, பஸ்ஸில் ஒரு மணி நேரம் போய்ப் படிக்கிறது. இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் பாண், சோறு, பிஸ்கட் என்று பெட்டியைத் திறக்கிறார்கள். நம் பிள்ளை பையைத் திறப்பதில்லை. யாரோ ஒருவன் ஒருநாள் "தோட்டத்து ரொட்டி" என்று சிரித்திருப்பான். அன்றிலிருந்து அந்த ரொட்டி பையிலேயே இருந்து பின்னேரம் வீட்டுக்கு வரும், அல்லது வழியில் நாய்க்குப் போகும். காலை ஐந்தரை மணிக்குத் தின்ற பிள்ளை பின்னேரம் மூன்று மணி வரை பட்டினி. பத்தாம் வகுப்பில் அது படிப்பில் விழுந்துவிட்டது என்கிறார்கள். பசித்த வயிற்றில் கணக்கு ஏறுமா?

தாய்மாரே, பிள்ளையின் பையை இன்றைக்குத் திறந்து பாருங்கள். ரொட்டி மிச்சம் இருந்தால் அடிக்க வேண்டாம், திட்டவும் வேண்டாம். ஏன் தின்னவில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வெட்கம்தான் காரணம் என்றால், ரொட்டியின் கதையை அப்போது சொல்லுங்கள். யார் கையால் வந்தது, எந்தப் பஞ்சத்தில் உயிர் காத்தது என்று சொல்லுங்கள். நம் சினேகிதப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே இடத்தில் உட்கார்ந்து தின்றால் சிரிக்கிறவன் வாய் தானாக மூடும். ஸ்கூல் அதிபரிடமும் நாங்கள் இது பற்றிப் பேசவிருக்கிறோம். பெற்றோர் இரண்டு பேர் எங்களோடு வந்தால் நல்லது. லீவு போட முடிந்தவர்கள் பெயரைச் சொல்லுங்கள். அரைப்பேர் விழாமல் பார்க்கும்படி துரையிடம் கேட்போம்.

கிளினிக்கிலும் உள்ளதைச் சொல்லுங்கள். ரொட்டி கொடுத்தால் ரொட்டி என்றே சொல்லுங்கள். எத்தனை, எதோடு என்பதையும் சொல்லுங்கள். மருத்துவிச்சி அம்மாவிடமும் நாங்கள் கதைத்திருக்கிறோம். அவர் யாரையும் ஏச மாட்டார்.

இப்போது நாம் எல்லோரும் பிள்ளைக் காம்பரா அடுப்படிக்குப் போகலாம். கல் காய்ந்துகொண்டிருக்கிறது. குரக்கன் மாவும் கோதுமை மாவும் நாங்கள் கொண்டுவந்திருக்கிறோம், லீக்ஸ் தோகையை மேல் கணக்குத் தங்கச்சிமார் அரிந்து வைத்திருக்கிறார்கள். பாட்டிமார் இரண்டு பேர் முதலில் தட்டிக் காட்டுவார்கள், பிறகு இளந்தாய்மார் தட்டிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு முதலில் கொடுப்போம். பிடிக்கவில்லை என்று அவர்கள் சொன்னால் அதையும் எழுதிக்கொள்வோம்.